உருக்காமல் என்ன செய்யலாம்? காரைக்குடிப் பட்டறை ஒன்றின் அண்மைக்கால வேலைகள்

கேள்வி: உலோகச் சிற்பிகள் தங்கள் பட்டறையில் அண்மையில் செய்த வேலைகளையும், புதிதாகச் சோதித்துப் பார்த்தவற்றையும் பகிர்ந்துகொள்ள முடியுமா?

காரைக்குடியில் ஒரு சிறிய உலோகச் சிற்பப் பட்டறை நடத்துகிறேன். அண்மைக்காலத்தில் நான் எடுத்துச் செய்த வேலைகள் பார்வைக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், எல்லாமே ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பழைய பித்தளை, செம்புச் சாமான்களை மூசையில் போட்டு உருக்குவதில்லை என்பதே அந்த முடிவு. வெட்டலாம், விரிக்கலாம், மடக்கலாம், ஆணி அறைந்து இணைக்கலாம், மேற்பரப்பில் நிறம் ஏற்றலாம். உருக்க மட்டும் கூடாது.

இதற்கான காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பர்மாத் தேக்குக் கதவுகளுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே குடங்களும் தவலைகளும் தாம்பாளங்களும் கூஜாக்களும் குவிந்து கிடக்கும். அவற்றுள் நல்ல நிலையில் இருப்பவை யாராவது ஒருவர் வீட்டுக்கோ விடுதிக்கோ போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அடி ஓட்டையானவையும் வாய் நசுங்கியவையும் கைப்பிடி போனவையும் காயலான் கடை வழியாகக் கிலோக் கணக்கில் உலைக்குப் போகின்றன. அப்படிப் போகும் பாத்திரங்களில்தான், என் கண்ணுக்கு, பார்ப்பதற்கு மிக அதிகமாக இருக்கிறது. சீர் சாமான்களில் பெயர் வெட்டும் வழக்கம் இருந்ததால், கழுத்திலோ விளிம்பிலோ சிறிய உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய தலைப்பெழுத்துகளும் சில பாத்திரங்களில் ஊர்ப்பெயரும் இருக்கும். என்னிடம் வந்த ஒரு தாம்பாளத்தில் முதலில் வெட்டிய பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுக்கப்பட்டு, அதற்குக் கீழே வேறொரு கையால், இன்னும் சற்று ஆழமாக, இன்னொரு பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஈயம் பூசிய தடம், தட்டி அடி மாற்றிய ஒட்டு, கயிறு உரசி உரசித் தேய்ந்த கழுத்து ஆகிய எல்லாமே ஒருவர் கை வைத்ததற்கான சான்றுகள். உருக்கினால் இவற்றில் எதுவும் மிஞ்சாது, எடை மட்டுமே மிஞ்சும்.

வார்ப்பின் மீது எனக்கு மதிப்புக் குறைவு இல்லை. தொழிலின் அடிப்படையை நான் கற்றுக்கொண்டதே சுவாமிமலைப் பட்டறை ஒன்றில்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைச் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் படிப்படியாகப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில், மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும் என்ற கணக்கை அங்கேதான் கைப்பழக்கமாகக் கற்றேன். அந்த முறையில் ஊற்றப்படும் உலோகத்துக்கு முன்கதை தேவையில்லை. வழிபாட்டுக்குரிய திருமேனிக்குப் புதிய பிறப்பே பொருத்தம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நான் செய்வது திருமேனி அன்று; வீட்டின் முகப்பில் நிற்கப்போகும் சிற்பத்துக்கு முன்கதைதான் உயிர்.

தகட்டை வைத்துச் சிற்பம் செய்வது நம் மாநிலத்துக்குப் புதிதும் அன்று. பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி எடுத்து, அதன் மேல் கம்பிகளைப் பற்றவைத்து, முன்புறமாக நின்று பார்க்கும் உருவங்களைச் செய்தார். 1966இல் தொடங்கிய சோழமண்டல் ஓவியர் கிராமத்தில் பணியாற்றிய எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, எனாமல் நிறங்களையும் அவற்றோடு சேர்த்தார். அவர்கள் தகட்டைப் புதிய பொருளாக எடுத்துக்கொண்டார்கள். நான் ஏற்கெனவே ஒரு பொருளாக இருந்துவிட்ட தகட்டை எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்துதான் என் சிக்கல்களும் தொடங்குகின்றன.

இப்போது முடிந்திருக்கும் பெரிய வேலை, இந்தப் பக்கத்து வீடு ஒன்றுக்காகச் செய்த தூண் வடிவச் சிற்பம். பங்காளிகள் பொதுச் சாமான்களைப் பிரித்துக்கொண்ட பிறகு, யாரும் எடுத்துக்கொள்ளாத உடைந்த பாத்திரங்கள் ஒரு அறை நிறைய மிஞ்சின. அவற்றை விற்க மனமில்லாமல், எல்லாருக்கும் பொதுவாக முகப்பில் நிற்கும்படி ஏதாவது செய்து தரச் சொன்னார்கள். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இருக்கும் மரத்தூணின் உயரத்துக்கே, குடங்களின் அடிகளையும் தவலைகளின் வாய்களையும் கூஜாக்களின் கழுத்துகளையும் வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஓர் இரும்புத் தண்டைத் தாங்கலாக வைத்து அதைக் கட்டினேன். பெயர் வெட்டிய துண்டுகள் எல்லாம் கண் மட்டத்தில் சுற்றி வரும்படி அமைத்தேன். சிற்பத்தை நிறுத்திய அன்று வீட்டார் அதை ஒரே இடத்தில் நின்று பார்க்கவில்லை. தங்கள் ஐயாவின் தலைப்பெழுத்தைத் தேடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த நடையைத்தான் நான் வடிவமைத்தேன் என்று சொல்வேன்.

இந்த வேலையில் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது இணைப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. சாதாரணப் பித்தளை 900 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே உருகத் தொடங்குகிறது; துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. ஆகவே இரும்பைப் போல நேரடியாக வெல்டிங் செய்தால், இணைப்பு முழுவதும் துளைத்துளையாகி, வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகையை உள்ளே இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் போல வரும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். எனவே பற்று உருகி ஓட உதவும் இளக்கியாக வெண்காரத்தை வைத்து, வெள்ளி கலந்த பற்றை, அதாவது இணைப்பில் உருகி ஒட்டும் உலோகக் கலவையை, கொண்டு, தகடு மங்கலாகச் சிவக்கும் சூட்டிலேயே பற்றவைக்கிறேன். பெயர் வெட்டிய துண்டுகளுக்கு அந்தச் சூடுகூட ஆகாது, ஏனென்றால் பல காலம் புளி போட்டுத் தேய்த்த மேற்பரப்பின் மென்மை நெருப்புப் பட்டால் மாறிவிடும். அவற்றை மட்டும் செம்பு ரிவெட் அடித்துக் குளிர்ந்த நிலையிலேயே சேர்த்தேன். ரிவெட்டின் தலையைச் சிறிய சுத்தியலால் பொறுமையாகத் தட்டி, வெட்டிய எழுத்தின் புள்ளியைப் போல உருட்டினால், இணைப்பும் எழுத்தின் குடும்பத்தில் சேர்ந்துவிடுகிறது.

பழைய பித்தளையில் வெளியே தெரியாத இன்னொரு குணம் உண்டு. சுத்தியலால் அடித்து வடிவம் கொடுத்த பாத்திரத்தின் உள்ளே அந்த அடியின் இறுக்கம் அப்படியே தங்கியிருக்கும்; ஈரத்தோடு அம்மோனியாவும் சேர்ந்தால், யாரும் தொடாமலே அது வெடிப்புவிடும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குள் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் இப்படித்தான் வெடித்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் கிடந்த பாத்திரங்களில் மயிர்க்கோடு போன்ற விரிசல்களை நானும் பார்த்திருக்கிறேன். இந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு 250 முதல் 300 டிகிரி வரையிலான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டால் போதும். அந்தச் சூட்டில் பித்தளை மென்மையாகிவிடாது, அடித்த வடிவமும் மாறாது. பெயர் இல்லாத துண்டுகள் அனைத்தையும் முதலில் மின்சூளையில் இப்படி வைத்து எடுத்த பிறகே அடுக்கத் தொடங்கினேன். பச்சை நிறம் அழகாக வரும் என்பதற்காகப் பித்தளைச் சிற்பங்களுக்கு அம்மோனியாப் புகை காட்டுகிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சோதனை என்று சொல்லத்தக்கவற்றில் என் மனம் அதிகம் ஒன்றியிருப்பது கொட்டானில். பனை ஓலையை வகிர்ந்து, சாயம் ஏற்றி, முடையும் கூடையான செட்டிநாட்டுக் கொட்டான் இப்போது புவிசார் குறியீடு பெற்ற கைவினை. அந்தப் பின்னலைச் செம்பில் கொண்டுவர முடியுமா என்று பார்க்க, முடைவதில் நெடுங்காலம் கை பழகிய ஓர் ஆச்சியிடம் போய் உட்கார்ந்தேன். ஓட்டையான செம்புப் பாத்திரங்களை விரித்து, உருளையில் கொடுத்து மெல்லிய தகடாக்கி, ஓலை அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு வரிசை முடைந்துவிட்டு, "தம்பி, ஓலை நம்ம இழுத்த பக்கம் வரும், ஒங்க தகடு முறைச்சுக்கிட்டு நிக்கிதே" என்றார் ஆச்சி. செம்பின் இயல்பை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மடிக்க மடிக்கச் செம்பு இறுகிக்கொண்டே போகும். ஒரே மடிப்பை மறுபடி பிரித்து மடித்தால் அந்த இடத்தில் முறிந்துவிடும். ஓலையை நனைத்துப் பதமாக்குவது போலச் செம்பையும் பதமாக்கலாம், ஆனால் அதற்கு நெருப்பு வேண்டும்: மங்கலான சிவப்பு வரும் வரை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மறுபடி இளகிவிடும். எஃகு இதே முறையில் கடினமாகும், செம்போ மென்மையாகும்.

எனவே அடிச் சதுரத்தை முடைந்து முடித்ததும் ஒருமுறை காய்ச்சுவது, சுவரை எழுப்புவதற்காகக் கீற்றுகளை நிமிர்த்தியதும் இன்னொரு முறை காய்ச்சுவது என்று வரிசை அமைத்துக்கொண்டோம். வாயை மடித்துக் கட்டும் கடைசிக் கட்டத்தில் காய்ச்சுவதே இல்லை, ஏனென்றால் அங்கே செம்பின் விறைப்புத்தான் கொட்டானை நிற்கவைக்கிறது. ஆச்சி தம் கைப்பழக்கத்தில் ஒவ்வொரு கீற்றையும் சற்று இறுக்கியே இழுத்தார். ஓலையில் அந்த இழுப்பு காய்ந்ததும் மறைந்துபோகும், செம்பில் ஒவ்வொரு இழுப்பும் மெல்லிய வளைவாக அப்படியே பதிந்து நிற்கிறது. ஆச்சியின் கை எங்கே வேகமாகப் போனது, எங்கே நின்று யோசித்தது என்பதைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். இந்தச் செம்புக் கொட்டான்கள் எங்கள் இருவரின் வேலையாகவே வெளியே போகும், விலையிலும் அப்படியே பங்கு.

இதற்கு நேர்மாறான ஒரு வழியையும் இணையாகச் செய்து பார்த்தேன். காரைக்குடியில் வாழ்பவருக்கு மின்வேதியியல் அந்நியமான துறை அன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. அதனால் முலாம் பூசுவதும் துருத் தடுப்பும் இந்த ஊரில் காதில் விழும் பேச்சுகள். ஆச்சி முடைந்த உண்மையான ஓலைக் கொட்டான் ஒன்றை எடுத்து, ஈரம் உள்ளே புகாதபடி மெழுகேற்றி, மின்சாரம் பாய்வதற்காகப் பென்சில் கரித்தூளான கிராஃபைட்டைப் பூசி, மயில்துத்தமும் (செம்புச் சல்பேட்) கந்தக அமிலமும் கரைந்த நீரில் தொங்கவிட்டு, குறைந்த மின்னழுத்தத்தில் அதன் மேல் செம்பை வளரவிட்டேன். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு ஓர் ஆம்பியர் வீதம் கொடுத்தால், மணிக்கு ஏறத்தாழ 13 மைக்ரான் செம்பு படியும். கால் மில்லிமீட்டர் தடிமன் வேண்டுமென்றால் 19 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால், விளிம்புகளிலும் ஓலை நுனிகளிலும் செம்பு முண்டு முண்டாகத் திரண்டுவிடும்.

முடிவு வியப்பூட்டுவது: ஓலையின் நரம்புகூடச் செம்பில் பதிந்திருந்தது. ஆயினும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் முடைந்த செம்பையே தேர்ந்தெடுக்கிறேன். வளர்த்த செம்பு ஓலை எப்படி இருந்தது என்று காட்டுகிறது, முடைந்த செம்பு செம்பால் என்ன முடியும் என்று காட்டுகிறது. இந்த முறையை முற்றிலும் விட்டுவிடப் போவதில்லை. விரிசல்விட்ட பெயர்த் துண்டுகளைப் பின்புறத்திலிருந்து செம்பு வளர்த்து வலுப்படுத்த இது மிகப் பொருத்தமான வழி; சூடும் இல்லை, ஆணியும் இல்லை. ஆனால் ஒன்றை வலியுறுத்த வேண்டும். பயன்படுத்திய மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றினால், அது மழையோடு ஊருணிக்குத்தான் போய்ச் சேரும். சலவைச் சோடாவைக் கலந்து செம்பைப் பச்சைநீல வண்டலாகப் படியவைத்து, அதைத் தனியே எடுத்து வைக்கிறேன். நீர்நிலையை நம்பி எழுந்த ஊர்களில் தொழில் செய்பவருக்கு இது கடமை.

நிறமேற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரத்தால் (அம்மோனியம் குளோரைடு) செம்பின் மேல் அழகான பச்சை வரும் என்பது உண்மை. ஆனால் அதில் உள்ள குளோரைடு உள்ளே தங்கிவிட்டால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தொடர்ந்து தின்றுகொண்டே போகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஏற்பட்டதற்கே, இப்படி அரிக்கப்பட்ட வெண்கலத் திருமேனிகளைக் காப்பாற்ற வேண்டிய தேவைதான் காரணம். நான் இப்போது கந்தகத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் காய்ச்சிய செந்நிற நீரையே பயன்படுத்துகிறேன். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், நாற்றம் கடுமையாக இருக்கும். செம்பை அது பழுப்பிலிருந்து கறுப்பு வரை கொண்டுபோகிறது. பித்தளையின் மேல் மிக மெதுவாகவே வேலை செய்கிறது. தூண் சிற்பத்தில் இந்த வேறுபாட்டையே பயன்படுத்திக்கொண்டேன்: முழுப் பகுதிக்கும் ஒரே பூச்சுத்தான், ஆனால் செம்பு ரிவெட்டுகள் கறுத்து நிற்க, பெயர் வெட்டிய பித்தளை மஞ்சளாகவே இருக்கிறது.

இரும்பில் செய்த முயற்சி கடுக்காய் பற்றியது. செட்டிநாட்டுச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காய் நீர் சேர்ப்பது இங்கே பழைய முறை. கடுக்காயையும் அன்னபேதியையும் (இரும்புச் சல்பேட்) சேர்த்து மை காய்ச்சியதும் நம்மிடம் இருந்த வழக்கம்தான். கடுக்காயின் துவர்ப்பில் உள்ள டானின், இரும்புத் துருவோடு சேர்ந்தால் நீலக்கறுப்பான உறுதியான படலமாகிறது. இடிக்கப்பட்ட வீடுகளின் ஜன்னல் கம்பிகளையும் கட்டைவண்டிச் சக்கரப் பட்டாக்களையும் கொல்லுலையில் வளைத்து நான் செய்துவரும் உருவங்களுக்கு, உதிரும் துருவை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கிவிட்டு, கெட்டியான கடுக்காய்க் கஷாயத்தைப் பலமுறை பூசிக் காயவிடுகிறேன். பெயின்ட் அடித்த இரும்பில் வராத ஆழம் அந்தக் கறுப்பில் வருகிறது; சுத்தியல் பட்ட முகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. வீட்டுக்குள் வைக்கும் சிற்பத்துக்கு மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை நேராக விழும் இடத்துக்கு அது போதாது, ஆளிவிதை எண்ணெயைச் சூடான இரும்பில் பூச வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். வாங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்த வீடுகளில் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

இப்போது மேசை மேல் இருப்பது ஆத்தங்குடி ஓட்டின் அச்சிலிருந்து பிறந்த வேலை. அந்த ஓட்டைச் செய்யும்போது கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத்தில் வளைத்த மெல்லிய உலோகக் கீற்றுகளாலான அச்சை நிறுத்தி, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். பிறகு அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் சாந்தைப் போட்டு நிரப்புவார்கள். தரையில் நாம் பார்ப்பது நிறங்களை மட்டுமே; அவற்றைப் பிரித்து வைத்த உலோகம் ஓட்டில் மிஞ்சுவதில்லை. அந்த உலோகத்தையே சிற்பமாக்க வேண்டும் என்பது என் எண்ணம். தேய்ந்து கழிக்கப்பட்ட ஓர் அச்சின் கோடுகளை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, தாம்பாளங்களின் விளிம்புகளிலிருந்து வெட்டிய பித்தளைக் கீற்றுகளை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பற்றவைத்து வருகிறேன். நேர் எதிரில் நின்று பார்த்தால் கோலம் போல மெல்லிய கோடுகள் மட்டும் தெரியும், பக்கவாட்டில் நகர்ந்தால் கீற்றுகளின் ஆழமும் அவற்றின் உட்புறத்தில் விட்டுவைத்த பெயர்களும் தெரியும்.

ஆத்தங்குடியில் ஓடு செய்யும் நண்பர் ஒருவர், ஓரிரு அறைகளை மட்டும் செங்காவிச் சிமெண்டால் நிரப்பிப் பார்க்கலாம் என்கிறார். ஈரச் சிமெண்டு பித்தளையின் நிறத்தை எந்த அளவுக்கு மாற்றும் என்று தெரிந்துகொள்வதற்காக, ஒரு சிறிய மாதிரியைச் செய்து, ஓடுகளை ஊறவைக்கும் அவருடைய தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறோம். அது வெளியே வந்த பிறகுதான் எந்த அறைகளை நிரப்புவது, எவற்றைத் திறந்தே விடுவது என்று முடிவு செய்வோம்.